ஓகேயூ அட்டை எடுத்தால் பையனுக்கு வேலை கிடைக்காதா?

தங்கச்சி, ஆட்டிச அறிகுறி உள்ள உங்கள் பையனுக்கு ஓகேயூ அட்டை, அதாவது மலேசியாவில் சமூகநலத்துறை தரும் மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். அட்டையை எடுங்கள், இந்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள். அட்டை எடுத்தால் பையன் பெயரில் முத்திரை விழுந்துவிடும், நாளைக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று உங்கள் மாமியாரும் லயத்துச் சனமும் சொல்வது பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான், ஆனால் நடப்பது அதற்கு நேர்மாறு. அரசாங்க வேலைகளில் 1 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று கொள்கை இருக்கிறது. வேலையிடத்தில் கூடவே நின்று பழக்கிவிடும் பயிற்றுநர்களைச் சமூகநலத்துறை தயார்செய்கிறது. இதற்கெல்லாம் உள்ளே நுழைய அந்த அட்டைதான் வேண்டும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு வழி இப்படி. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்காகக் கேள்வி கேட்டுக் குறித்திருப்பார்கள், அதைக் காட்டுங்கள். அங்கிருந்து மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் அனுப்புவார்கள், அவர் உறுதிசெய்து பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் மாவட்டச் சமூகநலத்துறையில் பதியலாம். ஆட்டிசம் அங்கே கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் வரும். நாள் பிடிக்கும், ஈப்போவுக்கு அலைய வேண்டியும் வரும், அதனால்தான் முதலாம் ஆண்டு தொடங்கட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

பள்ளியைப் பொறுத்தவரை, சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பாக நடக்கும் பிபிகேஐ ஒன்று, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரும் இன்குலுசிவ் முறை இன்னொன்று. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் பிபிகேஐ கிடையாது, எதில் இருக்கிறது என்று கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்தபிறகு 3 மாதம் வரை பார்த்துவிட்டுத்தான் இடத்தை உறுதிசெய்வார்கள், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் உண்டு. அப்புறம் ஆர்பிஐ என்று உங்கள் பிள்ளைக்கென்றே ஒரு திட்டம் எழுதுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தோட்டத்தில் லீவு போட்டாவது போங்கள், வீட்டில் அவன் எதற்கு அழுகிறான், எதைக் கொடுத்தால் அமைதியாவான் என்பது டீச்சருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். மணியடித்தால் காதைப் பொத்துகிறானா, சட்டைக் காலர் உறுத்தினால் கழற்றி எறிகிறானா, எல்லாம் சொல்லுங்கள். வகுப்பில் ஓர் அமைதியான மூலை, ஓய்வுக்கு 5 நிமிடம் முன்னாலேயே கேண்டீனுக்கு அனுப்புவது, சபைகூடலில் ஒலிபெருக்கிக்குத் தள்ளி நிற்கவைப்பது, இதற்கெல்லாம் காசு ஆகாது. கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள்.

இனி வீடு. அவனிடம் தமிழ் பேசுவதை நிறுத்தி மலாயோ ஆங்கிலமோ மட்டும் பேசச் சொல்லி யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டி தமிழில்தானே கொஞ்சுவார், அந்தப் பேச்சிலிருந்து அவனை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

வாயால் பத்துமுறை சொல்வதைவிடப் படம் நன்றாக வேலை செய்யும். பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை போடுவது, பை எடுப்பது, ஒவ்வொன்றையும் அவனை வைத்தே கைப்பேசியில் படமெடுத்து, டவுனில் அச்சடித்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். சொல்வதையும் சுருக்குங்கள்: "முதல்ல சட்டை, அப்புறம் ரொட்டி." திருவிழாவுக்கு உறுமி மேளம் வருகிறதென்றால் முதல்நாளே படம் காட்டிச் சொல்லிவையுங்கள், காதுக்கு மூடி எடுத்துப் போங்கள், தாங்கவில்லை என்றால் கூட்டத்தைப் பார்க்காமல் வெளியே கூட்டிவந்துவிடுங்கள். அவன் அடம்பிடிக்கவில்லை, அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாகவே தாங்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துபோவார்கள், தண்ணீர் என்றால் பலருக்கு உயிர். தோட்டத்தில் வாய்க்காலும் ஆறும் ஆலைக் குட்டையும் பக்கத்திலேயே இருக்கின்றன. கதவில் உயரமாகத் தாழ்ப்பாள் போடுங்கள், கங்காணியிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள், உங்கள் நம்பரை அவன் சட்டையில் தைத்துவிடுங்கள், நீச்சல் பழக்க வழி கிடைத்தால் விடாதீர்கள். வெட்கப்பட்டு மறைத்துவைத்தால் அவன் காணாமல்போகும் அன்றைக்கு எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து என்று யாராவது விற்றால் காசு கொடுக்காதீர்கள், அப்படி ஒரு மருந்தே இல்லை. தடுப்பூசியாலும் வரவில்லை, நீங்கள் வளர்த்த விதத்தாலும் வரவில்லை.

வேலைக் கவலைக்கு வருகிறேன். எழுத்துக்கூட்டி நன்றாக வாசிக்கிற பிள்ளை, கழிப்பறைக்குத் தனியாகப் போகவும் முறைக்குக் காத்திருக்கவும் உதவி கேட்கவும் பழகாததால் வேலைப் பயிற்சியில் தங்கமுடியாமல் போவது உண்டு. அதனால் இப்போது வாய்ப்பாட்டைவிடத் தட்டைக் கழுவிவைப்பதும், துணி மடிப்பதும், கடையில் காசு கொடுத்து மீதி வாங்குவதும்தான் அவனுக்கு முக்கியப் பாடம். அவன் கட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான் என்று வருத்தப்பட்டீர்களே, அதை நிறுத்தாதீர்கள், சாமான் அலமாரியை அடுக்கக் கொடுங்கள். இடைநிலைப்பள்ளி முடிக்கும் காலத்தில் ஷா ஆலாம், மெர்போக் போன்ற இடங்களில் உள்ள சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளிகளைப் பற்றிப் பேசுவோம். படிப்பு நன்றாக வந்தால் இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வு எழுதவும் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கெல்லாம் இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

கிளினிக்கில் நாள் வாங்கியதும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அவன் எப்போது பேசத் தொடங்கினான், எதைச் சாப்பிட மறுக்கிறான், எப்படித் தூங்குகிறான் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். முடிந்தால் பையனின் அப்பாவையும் கூட்டிப்போங்கள்.