சென்னையிலிருந்து சிட்டகாங் போக சிங்கப்பூர் எதற்கு?

"வளரும் நாடுகளின் வணிகத்தைச் சாலையும் ரயிலும் துறைமுகமும் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். நான் பார்த்தவரை, யார் யாருக்கு எதை விற்கலாம் என்பதைப் பாதைதான் முதலில் முடிவு செய்கிறது. விலை, தரமெல்லாம் அப்புறம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புக்கிங்கைத் தப்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். சென்னையில் ஏற்றி, வங்கதேசத்தின் சிட்டகாங்கில் இறக்க வேண்டிய கண்டெய்னர். இரண்டு ஊருக்கும் வங்காள விரிகுடாதான் கடல். அது எதற்கு இத்தனை தூரம் சுற்றி இங்கே வருகிறது? பக்கத்து மேசை அண்ணன் சிரித்தார். "நேர்க் கப்பல் எங்கேப்பா இருக்கு?"

சிட்டகாங் துறைமுகம் கர்ணபுலி ஆற்றில் இருக்கிறது. ஆழம் போதாது, பெரிய கப்பல் உள்ளே நுழைய முடியாது. அதனால் அங்கிருந்து பீடர் எனப்படும் சின்னக் கப்பல்கள், பெரிய தாய்க்கப்பல் நிற்கும் சிங்கப்பூர், கொழும்பு, மலேசியாவின் கிளாங் துறைமுகங்களுக்கு ஓடுகின்றன. பக்கத்து வீட்டு இந்தியாவுக்குப் போகும் சரக்கும் இதே வழியில் சுற்றி, ஒரு மாதம்கூட எடுத்தது. 2015இல் இரு நாடுகளும், சின்னக் கப்பல்கள் கரையோரமாக நேராகவே போய்வரலாம் என்று கடலோரக் கப்பல் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் சிட்டகாங்கிலிருந்து ஆந்திராவின் கிருஷ்ணபட்டினத்துக்கு நேராகவே கப்பல் வந்தது. இத்தனைக்கும் புதிதாகத் துறைமுகம் எதுவும் கட்டவில்லை. வெறும் காகிதம்! சாலை, பாலம் என்று பேசும்போது இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

திருப்பூர் பனியன் கதையும் இதுதான். தூத்துக்குடியில் பீடர் ஏறி, கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாறும். 2024 ஜூலையில் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்த அன்று எங்கள் ஆபீஸ் டீ நேரத்தில் வேறு பேச்சே இல்லை. இந்தியச் சரக்கு இனி எங்கள் பக்கம் வராமலே போய்விடுமோ என்று கொஞ்சம் வயிற்றில் புளி கரைத்தது என்றும் சொல்லலாம்.

ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் போட்ட ரயில் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து நேரே துறைமுகத்துக்குத்தான். பக்கத்து நாட்டுச் சந்தைக்குப் பாதை கிடையாது. ஜாம்பியாவின் செம்பு தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அரசியல் சிக்கல் வந்ததும், 1970களில் சீன உதவியோடு தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வரை 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை போட வேண்டியதாயிற்று.

சரி, இதையெல்லாம் விட எனக்கு நன்றாகப் புரிய வைத்தது இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா மார்க்கெட்தான். நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஊர் முருங்கைக்காய் திருச்சி விமானத்தில் வரும். ஆட்களை ஏற்றத்தான் அந்த விமானம். அடிவயிற்றில் மிச்சமிருக்கும் இடத்தில் காய்கறி. 2020 மார்ச்சில் இந்தியா பயணிகள் விமானங்களை நிறுத்தியது. முருங்கைக்காய்க்காகத் தனி விமானம் யார் விடுவார்கள்? ஆனால் மலேசியாவிலிருந்து வரும் ஜோகூர்ப் பாலத்தில் சரக்கு லாரி நிற்கவில்லை. கடைக்கார அக்கா மலேசியா முருங்கையை அடுக்கிவிட்டார்.

விமானம் திரும்பி வந்தபிறகு, "ஊர்க் காய் இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி, கொஞ்சம்தான் எடுக்கறேன். லாரிக்காரன் தினம் வந்துடறான்ல."