டேடோ செட் மாட்டவில்லை, காடி எப்படி எடுப்பது?

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில் சின்ன மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன், ஒற்றை ஆள் தொழில். ஆரியங்காவில் ஒரு வீட்டுக்கு நாலடி புத்தக அலமாரி செய்ய ஒப்புக்கொண்டேன். தட்டு உட்காரக் காடி, அதாவது பள்ளம், எடுப்பதற்காக ஆன்லைனில் 8 அங்குல டேடோ செட் (அகலமாக வெட்ட ஒன்றாக மாட்டும் பிளேடுகள்) வாங்கினேன். அதன் துளை சின்னது, என் 10 அங்குல டேபிள் சாவில் ஏறவே இல்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். சாதாரண பிளேடில் எடுத்தால் ஓரமெல்லாம் சிலாம்பு, தட்டும் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: டேடோ செட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க மிஷினுக்குச் செய்தவை. துளை 5/8 அங்குலம், அதாவது 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் கிடைக்கும் மிஷின்களில் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர் துளைதான் அதிகம். லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மையம் மயிரிழை விலகினாலும் பிளேடு ஆடும். அதோடு பிளேடு மாட்டும் ஸ்பிண்டில் தண்டின் நீளமும் போதாமல் போகலாம். எல்லா பிளேடையும் மாட்டிய பிறகு நட்டு முழு மரையையும் பிடிக்கவில்லை என்றால் அந்த மிஷினை ஓட்டவே கூடாது.

பணம் திரும்புமா என்பது விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. துளை அளவைத் தெளிவாகப் போட்டிருந்தால் தவறு நம் பக்கம். ‘எல்லா 10 அங்குல மிஷினுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று மடக்குவார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவரும் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. விற்றவர் கொல்லத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

சரி, அலமாரிக்கு வருவோம். அந்த செட் இல்லாமலே காடி சுத்தமாக வரும். தட்டு ஆடுவதற்குக் காரணம் அநேகமாக ப்ளைவுட். 18 மில்லிமீட்டர் என்று அச்சடித்த ஷீட், வெர்னியரில் 17.3 காட்டும். நானும் அச்சை நம்பி ஒரு ஷீட்டை வீணாக்கியவன்தான்.

அளவே பார்க்காமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கழிவுத் துண்டில் பிளேடால் ஒரே ஒரு வெட்டு இழுத்து, அந்தப் பிளவில் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு பட்டியை இழைத்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டுக்கு இந்தப் பட்டியை ஃபென்ஸில் (பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புக் கட்டை) அண்டக் கொடுத்து, பலகையின் முனையை அதில் முட்டக் கொடுத்து, மேஜைப் பள்ளத்தில் ஓடும் தள்ளுகட்டையான மைட்டர் கேஜால் தள்ளுங்கள். இரண்டாவது வெட்டுக்குப் பட்டியை எடுத்துவிட்டு, தட்டு செய்யும் ப்ளைவுட்டிலேயே ஒரு துண்டை அந்த இடத்தில் வையுங்கள். ஃபென்ஸ் அசையக் கூடாது. இரண்டு வெட்டுக்கும் வெளி அகலம் சரியாகத் தட்டின் கனம். நடுவில் மிஞ்சுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். ஃபென்ஸை நகர்த்தும் முன் இடது, வலது பலகை இரண்டையும் முடித்துவிடுங்கள்.

ஃபென்ஸும் மைட்டர் கேஜும் சேர்ந்து வேலை செய்வது இங்கே சரி, ஏனென்றால் துண்டு எதுவும் விழுவதில்லை. பிளேடு மரத்தைத் துளைத்து மேலே வரும் வெட்டில் இதைச் செய்தால் துண்டு சிக்கித் தூக்கி அடிக்கும். காடிக்காகக் கழற்றிய கார்டை (பிளேடை மூடும் பாதுகாப்பு மூடி), வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடனே திரும்ப மாட்டுங்கள்.

சிலாம்புக்கு மருந்து கத்திதான். கோட்டில் மேல் வெனீரைக் கத்தியால் ஆழமாகக் கீறி, மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடு வெளியேறும் பக்கம் ஒரு கழிவுப் பலகையை அண்டக் கொடுங்கள். பல் தட்டையாக உள்ள ரிப்பிங் பிளேடு போட்டால் அடி சமமாக வரும். மாறிமாறிச் சாய்ந்த பல் பிளேடு அடியில் வரிவரியாகக் கோடு விடும், உளியால் தட்டிச் சமன்செய்ய வேண்டும். ஆழம் 6 மில்லிமீட்டர் போதும். பலகையை மேஜையோடு அழுத்தியே தள்ளுங்கள், தூக்கினால் அந்த இடத்தில் காடி மேடாகிவிடும்.

ஆறடிப் பலகை என்றால் டேபிள் சாவை விட்டுவிடுங்கள், காடி குடையும் கை மிஷினான ரூட்டரும் நேரான கட்டையும் போதும். வீட்டுக்காரர் தட்டுக்குத் தேக்கு கேட்டால், ஆரியங்காவு மழைக்கு மரம் உப்பும். அதனால் தட்டு கையழுத்தத்திலேயே காடியில் இறங்க வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும் என்றால் தட்டை ஒரு காகிதக் கனம் இழைத்துவிடுங்கள்.