போதகர் பாரிஸைக் கத்த விடாதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் எங்கள் இளைஞர் குழு ஆர்தர் மில்லரின் 'த குரூசிபிள்' நாடகத்தைத் தமிழில் ஒத்திகை பார்க்கிறது. தங்கள் பெயரைக் காப்பாற்ற அடுத்தவரைப் பலிகொடுக்கும் பாத்திரங்கள் இதில் நிறைய. ஆனால் மேடையில் எல்லோருமே சூரன்போரில் வரும் சூரனாகிவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: கோபத்தைக் குறைத்துப் பயத்தைக் கூட்டுங்கள். 1692இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸிலுள்ள சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளைக் கொண்டு மில்லர் எழுதி, 1953இல் மேடையேறிய நாடகம் இது. அதன் தொடக்கத்தையே பாருங்கள். மகள் பெற்றி அசையாமல் கிடக்கிறாள். போதகர் பாரிஸ் கட்டிலருகே முழந்தாளிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவர் தன் மருமகள் அபிகேலிடம் துருவிக் கேட்பதோ காட்டில் ஆடிய ஆட்டத்தையும் ஊரில் அவளுக்குள்ள பெயரையும்தான். தன்னைப் பிரசங்க பீடத்திலிருந்து இறக்கக் காத்திருப்பவர்களுக்கு இது வாய்ப்பாகிவிடுமோ என்ற நடுக்கம் அவருக்கு. கீழே ஊர்ச்சனம் கூடியிருக்கிறது. நடிகரின் கை பிள்ளையின் நெற்றியில் இருக்கட்டும், கண் கதவுக்குப் போகட்டும். தன் வீட்டு அடிமை திற்றுபாவைச் சாகும்வரை சவுக்கால் அடிப்பேன் என்று மிரட்டும் இடத்துக்குக் குரலைச் சேமித்து வையுங்கள்.

திற்றுபா உள்ளே வந்த கணமே அபிகேல் விரல் நீட்டுகிறாள். அந்த விரலுக்கு முன்னால் வரும், சூனியத்தைக் கண்டுபிடிக்க அழைக்கப்பட்ட போதகர் ஹேலின் கேள்விகள்தான் முக்கியம். ஒவ்வொரு கேள்விக்கும் ஹேல் ஓரடி நெருங்கட்டும், அபிகேல் ஓரடி பின்வாங்கட்டும். சுவரில் முதுகு முட்டும்போது கதவு திறக்க வேண்டும். இந்த நெருக்கடி இல்லாவிட்டால் அது வெறும் பொல்லாத்தனமாகவே தெரியும். பழி போய் விழுவது பார்படோசிலிருந்து வந்த அடிமைப் பெண்ணின் தலையில். திருப்பிக் கேட்க அவளுக்கு யாருமில்லை. உயிர் தப்ப அவளும் வேறு பெண்களின் பெயரைச் சொல்கிறாள். இதை உடம்பில் ஏற்ற ஒரு சால்வை போதும்: ஒத்திகையில் பழி சொல்பவர் அதை அடுத்தவர் தோளில் போட்டுவிட்டுத்தான் வசனத்தை முடிக்க வேண்டும். அரங்கேற்றத்தில் சால்வை வேண்டாம்.

வழக்கை விசாரிக்கும் நீதிபதி டான்போர்த் இன்னும் கடினம். நான்காம் அங்கத்தில் தூக்கை ஒத்திவைக்க மறுக்கிறார்: பன்னிரண்டு பேர் ஏற்கனவே தொங்கிவிட்டார்கள், இப்போது மன்னித்தால் அந்தத் தீர்ப்புகளும் சந்தேகத்துக்குள்ளாகும். கணக்குப்பிள்ளை பேரேடு வாசிப்பதுபோல நிதானமாகச் சொல்லட்டும். அவர் அதை நீதி என்றே நம்புகிறார்.

விவசாயி புரொக்டரின் மனைவி எலிசபெத் வேறு ரகம். கணவன் பெயரைக் காக்க அவள் சொல்லும் ஒரே பொய், அபிகேலுடனான கள்ள உறவை ஏற்கனவே ஒப்புக்கொண்ட அவனையே கவிழ்க்கிறது. புரொக்டரின் முதுகு அவள் பக்கம் இருக்க வேண்டும். பதிலுக்கு முன் அவள் அந்த முதுகைத் தேடும் மௌனத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

முடிவில் புரொக்டர் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து, தான் சூனியக்காரன் என்று பொய்யாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாளையும் கிழிக்கிறார். மின்விசிறிகள் சுழலும் மண்டபத்தில் மெல்லிய தாள் கிழிவது பின்வரிசைக்குக் கேட்காது. தடித்த தாள் எடுங்கள், ஒத்திகைக்கு ஒன்றாகக் கிழித்துப் பழகுங்கள், அந்த நேரம் விசிறிகளை நிறுத்த ஒருவரை ஆளியருகே நிறுத்துங்கள்.