தலைவலி போனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

குடியாத்தம் தம்பிக்கு, அம்மாவின் மெனிஞ்சியோமா கட்டி (மூளையை மூடியிருக்கும் உறையில் வருவது) புற்றுநோய் இல்லை, மூன்று வாரமாக டெக்சாமெதசோன் என்ற வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுத் தலைவலியும் போய்விட்டது, இனி நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டி கரையவில்லை. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் கசிந்து மூளையில் நீர் கோத்திருந்தது, அதுதான் வடிந்திருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பலாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலும் இந்த மாத்திரையால் இதற்குள் குறைந்திருக்கும்; சட்டென்று நிறுத்தினால் மயக்கம் வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்றீர்களே, அதை அடிக்கடி பாருங்கள். இந்த மாத்திரை ஏற்றிவிடும். சாப்பிட்ட பிறகே கொடுங்கள்.

அப்புறம், வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் எம்ஆர்ஐ படத்தோடு வேலூர் சிஎம்சி அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.