படித்த இடத்துக்கு ஒசியத்தில் ஒரு வரி: கேள்வி பதில்

முப்பது வருடம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஆதாரம் எழுதியவன் நான். (பாலக்காட்டில் ஆதாரம் என்றால் பத்திரம், அட்டை இல்லை. ஒசியத்து என்றால் உயில்.) படித்த கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தன் காலத்துக்குப் பிறகு ஏதாவது போய்ச் சேரவேண்டும் என்பவர்கள் கேட்டவை இவை.

கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். 5 லட்சம் கொடுக்க ஆசை. இப்போதே கொடுப்பதா, ஒசியத்தில் எழுதுவதா?

மாஷே, இப்போதே அறக்கட்டளையாக வைத்தால் முதல் அப்படியே இருக்கும், வட்டியில் பரிசு நடக்கும். 7 சதவீதம் என்றால் வருடம் 35,000 ரூபாய். முதல் பரிசை நீங்களே மேடையேறிக் கொடுக்கலாம். வருமான வரிச் சலுகைக்கான அங்கீகாரம் (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வரிமுறையில் இருப்பவருக்குச் சலுகை உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது. ஒசியத்தில் எழுதுவதற்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் நாளைக்கே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் பணம் உங்கள் கையில் இருக்கும், மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். என்னைக் கேட்டால், 1 லட்சம் இப்போது கொடுங்கள். அதை எப்படி நடத்துகிறார்கள் என்று இரண்டு வருடம் பாருங்கள், அப்புறம் மீதியை எழுதலாம்.

அவரே: நிபந்தனை போடலாமா?

போடலாம், இறுக்கிப் போடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர், டைப்ரைட்டிங்கில் முதலாவதாக வருபவருக்கு வருடாவருடம் ஒரு வெள்ளி டம்ளர் என்று எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். இன்றைக்கு மிஷினும் இல்லை, வகுப்பும் இல்லை, பணம் மட்டும் பேங்கில் தூங்குகிறது. அதற்குப் பிறகு யாருக்கு எழுதினாலும் ஒரு வரி சேர்த்துவிடுவேன்: ‘இந்தப் பாடம் இல்லாமல் போனால், இதற்கு நெருங்கிய வேறொன்றுக்கு.’ அதோடு ‘என் காலேஜ்’ என்று எழுதாமல் முழுப்பெயரும் ஊரும் எழுதுங்கள். பெறுபவர் இடத்தில் ‘பதிவாளர்’ என்று பதவி வரட்டும், ஆள் பெயர் வேண்டாம்.

சித்தூர், விவசாயி: என் பங்குத் தென்னந்தோப்பை எழுதலாமா? பூர்விகச் சொத்து, மகன் முரண்டு பிடிக்கிறான்.

கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறை 1976 டிசம்பர் 1 முதல் சட்டப்படி இல்லை. பாகம் பிரிந்து, போக்குவரவும் (பட்டா மாற்றம்) முடிந்து, கரம் (நிலவரி) உங்கள் பேரில் கட்டினால் உங்கள் பங்கை எழுதுவதில் தடை இருக்காது. தோப்பு கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டில் இருந்தால் கதை வேறு, வக்கீலைப் பாருங்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். எங்கோ இருக்கும் பல்கலைக்கழகம் தேங்காய் போட ஆள் தேடிக்கொண்டு நிற்குமா? விற்றுப் பணமாகக் கொடு என்று ஒசியத்தை நடத்துபவருக்கு எழுதிவையுங்கள். மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அடக்கத்துக்கு மறுநாள் அவனுக்குத் தெரியவந்தால் கேஸ்தான்.

துபாயிலிருந்து: எனக்கு இந்திய பாஸ்போர்ட், தம்பி அமெரிக்கக் குடிமகன். சேர்ந்து கொடுக்கலாமா?

உங்கள் சொந்தச் சேமிப்பை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தம்பி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் நிறுவனத்துக்கு எப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு பொதுவாக வேண்டும். தனித்தனியாக அனுப்புங்கள்.

வேலந்தாவளம்: பேங்கில் போட்ட எப்டிக்கு (நிரந்தர வைப்பு) கல்லூரியையே நாமினியாகப் போட்டால் போதாதா?

போட முடியாது, தனி மனிதரைத்தான் போடலாம். அவரும் வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர்தான். ஒசியத்து எழுதுங்கள்.

அவரே: ஒசியத்துக்கு முத்திரைத்தாள் வேண்டுமா?

வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சி போடவேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, நான் பண்ணத்தான் சொல்வேன். சாட்சிக்கு உங்கள் வயதுக் கூட்டாளிகளைக் கூட்டி வராதீர்கள். எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் கிளாஸ்மேட் இருவரைக் கூட்டி வந்தார். மூவரில் அவர்தான் கடைசியாகப் போனார்.