காடாகிப்போன படிவயல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தோஹாவில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். என் அறையில் தங்கியிருக்கும் நேபாள நண்பர் விடுப்பில் ஊருக்குப் போய்வந்து படங்களைக் காட்டினார். சிறுவயதில் அவர் நாற்று நட்ட மலை வயல்கள் இன்று காடாகிவிட்டன. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது, அவருக்கோ முகம் வாடிவிட்டது. காடு வளர்வது நல்லதுதானே? அவர் ஏன் வருந்துகிறார்?

ம., தோஹா

அன்புள்ள ம.,

நேபாளத்தில் காடு பெருகியிருப்பது உண்மைதான். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, 1992இல் நிலப்பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதமானது என்கிறது. அதில் பெரும்பங்கு ஊரார் உழைப்பு. 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டைப் பராமரிக்கும் உரிமையை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. எங்கே மேய்க்கலாம், எப்போது விறகு வெட்டலாம் என்று அவர்களே விதி வைத்துக் காத்தார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் நண்பர் காட்டியது வேறு காடு. ஆள் இல்லாததால் வந்தது.

மலையில் படிவயல் என்பது தனித்தனி நிலம் இல்லை. மேல் வயலில் தேக்கிய தண்ணீர்தான் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வருடமும் வரப்பைச் செதுக்கி, எலியும் நண்டும் போட்ட வளைகளை அடைத்து, மண் பூச வேண்டும். ஒருவர் அதை விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளையில் புகுந்து வரப்பை உடைக்கும். கொட்டும் மண்ணும் கல்லும் கீழே இருப்பவரின் நெல் மேல்தான் விழும். இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டு அவரும் கடவுச்சீட்டுக்கு மனு போடுவார். நடவுக்கு ஒருவர் வயலில் மற்றவர் கூலியில்லாமல் இறங்கும் ‘பர்மா’ என்ற முறை அங்கே உண்டு. திருப்பிச் செய்ய ஆள் இல்லாதபோது அதுவும் நின்றுபோகிறது.

2021 கணக்கெடுப்பின்படி நேபாள மக்கள்தொகை சுமார் 2.92 கோடி. சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில், அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆண்கள். மலைச் சாதிகள் பலவற்றில் பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. அதை மீறி உழுத பெண்கள் உண்டு, அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் பிள்ளை, மாமியார், மாடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி எத்தனை படிகளைக் காப்பாற்ற முடியும்? வீட்டருகே இரண்டு துண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தரிசாக விடுகிறாள். தரிசில் புதர் வருகிறது. புதரில் குரங்கு வருகிறது. அப்புறம் அந்த இரண்டு துண்டு மக்காச்சோளமும் மிஞ்சுவதில்லை.

வெளியே போவது அங்கே புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களை ‘லாஹுரே’ என்றார்கள். கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்கும் இன்றுவரை அதே பெயர்தான். அன்று படையிலிருந்து திரும்பியவர்களில் பலர் தங்கள் மலையிலேயே வீடு கட்டினார்கள். இன்று வளைகுடாப் பணத்தில் பெரும்பகுதி கடனுக்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது. மிச்சம் இருந்தால் நேபாளத்தின் தெற்கே உள்ள தராய் சமவெளியில் சாலையோரம் ஒரு மனை வாங்குகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையும் கல்லூரியும் கீழேதானே இருக்கின்றன? 1971இல் மக்களில் பாதிக்கு மேல் நடுமலைப் பகுதியில் இருந்தார்கள். 2021இல் அது 40 சதவீதம். தராயில் 54 சதவீதம். சமவெளியின் விளைநிலம் மனைகளாகிறது, மலையின் விளைநிலம் புதராகிறது. போதாத அரிசி இந்தியாவிலிருந்து வருகிறது.

உங்கள் பக்கம் தரிசில் சீமைக் கருவேலம் ஏறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

சரி, நண்பரிடம் ஒன்று கேளுங்கள். அவர் வயலுக்கு நேர் மேலே இருந்த வயல் யாருடையது, அந்த ஆள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று. அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.