வல்லரசுப் போட்டியைப் புரிந்துகொள்ள ராணுவ வரலாறு உதவுமா?

அமெரிக்கா, சீனா போன்ற வல்லரசுகளின் போட்டியையும் இன்றைய தலைவர்களையும் புரிந்துகொள்ள ராணுவ வரலாறு உதவுமா என்பது கேள்வி. உதவும். பலர் உடனே நெப்போலியனிடம் போவார்கள். நான் ராணிப்பேட்டைக்காரன், எனக்குப் பழைய வட ஆற்காடு மாவட்டமே போதும்.

1748-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூரில் போர். (பிரியாணிக்காக வண்டியை நிறுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு நவாப் களத்தில் செத்தார் என்று தெரியும்?) ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கானை வீழ்த்தியது, அவர் பதவிக்கு ஆசைப்பட்ட சந்தா சாகிப்பும் ஹைதராபாத் நிஜாம் பதவி கேட்ட முசாபர் ஜங்கும். அவர்களோடு பிரெஞ்சுப் படையும் நின்றது. அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி, ஆங்கிலேயரின் உதவியை நாடினார். பெயருக்கு இது நவாப் பதவிச் சண்டை. உள்ளே, சமாதானம் பேசிவிட்ட இரண்டு நாடுகளின் பினாமிப் போர்.

1751-இல் ஆங்கிலப் படை அதிகாரி கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சுமார் 500 பேரோடு வந்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். திருச்சியில் முகமது அலியைச் சூழ்ந்திருந்த சந்தா சாகிப்பின் படையில் ஒரு பகுதியை இந்தப் பக்கம் இழுத்ததுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

தலைமை பற்றிக் கேட்டால் நான் வந்தவாசியைத்தான் சொல்வேன். 22 ஜனவரி 1760, பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த போர். லாலி தைரியசாலி, அனுபவசாலி. ஆனால் இந்த ஊரை அவர் புரிந்துகொள்ளவே இல்லை. ஹைதராபாத்தில் நிஜாமிடம் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸியைத் திருப்பி அழைத்தார். அந்த இடைவெளியில் வங்காளத்திலிருந்து வந்த ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மசூலிப்பட்டினத்தைப் பிடித்தது. சென்னை முற்றுகையும் தோற்றது. சம்பளம் கிடைக்காத பிரெஞ்சுச் சிப்பாய்கள் 1759 அக்டோபரில் கலகம் செய்தார்கள். அதே சமயத்தில் பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸுக்குக் கிளம்பிப் போனது, திரும்பி வரவில்லை. எதிர்ப்பக்கம் கடலும் வங்காளத்துப் பணமும் ஆங்கிலேயர் கையில். ஆக, வந்தவாசியில் முதல் பீரங்கி வெடிக்கும் முன்பே பாதி முடிவு தெரிந்துவிட்டது. மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. 1766-இல் பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள். கப்பலும் பணமும் அனுப்பாத அரசு, தோல்விக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டது. அதனால் இன்றும் ஒரு தலைவரின் வீரப் பேச்சை விட, சம்பளத்தையும் சரக்குக் கப்பலையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சரி, ஜெயித்த பக்கத்து நவாப் என்ன ஆனார்? முகமது அலிக்குப் பதவி கிடைத்தது. போர்ச் செலவு அவர் கணக்கில் ஏறியது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார், வரி வசூலை அடகு வைத்தார். அந்தக் கடன் லண்டன் நாடாளுமன்றம் வரை நாறியது, 1785-இல் அங்கே உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரையே ஆற்றினார். முகமது அலி 1795-இல் இறந்தார். 1801-இல் ஆற்காட்டு நவாப்பின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, நவாப் குடும்பத்துக்குப் பட்டமும் உதவித்தொகையும் மிஞ்சின.

இதைச் சொன்னதும் நண்பர்கள் 2017-இல் ஒரு சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் காட்டுவார்கள். ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது. இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் ஆகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கியது, சீனா கொடுத்தது அதைவிடக் குறைவு. இன்னொன்று, கடன் வாங்கிய ஆட்சியைக் கொழும்பில் மக்களால் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஆற்காட்டு மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.